ஓலையில் ஒரு சர்ப்பம்

ஏதேன் தோட்டத்துப் பாம்புக்கு ஆரம்பத்தில் கால் இருந்ததா என்ற இடத்தில் வந்து கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

சபை அறையில் மேசையைச் சுற்றி மூன்று பேர். போதகர் சுந்தர்ராஜ், செயலாளர் ஞானதுரை, வாலிபர் சங்கத் தலைவர் வினோத்ராஜ். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் கல்யாணப் பெண் ஷெரின்.

பகலெல்லாம் கம்பத்து ஸ்கேன் சென்டரில் நின்று பெயர் கூப்பிட்டுவிட்டு, சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தாள். கொட்டாவிகளை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பெயர் நாகராஜ். அதுதான் சிக்கல்.

வேறு சிக்கல் இல்லை. சுருளிப்பட்டியில் சொந்தத் தோட்டம். குடி கிடையாது. ஞானஸ்நானத்துக்குக்கூடத் தலையாட்டிவிட்டான். பெயரை மட்டும் விட மாட்டேன் என்கிறான். பிள்ளையில்லாமல் புற்றுக்குப் பால் ஊற்றி ஊற்றிப் பெற்றவள் வைத்த பெயராம்.

ஆனால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உண்டானால் சொல்லலாம் என்று போதகர் பீடத்தில் நின்று அறிவிக்க வேண்டும்.

ஆட்சேபம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஞானதுரை ஷெரினின் பெரியப்பா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படிப்படியாகத்தான் நிறுவுவார். நாகராஜ் என்றால் பாம்புகளுக்கு ராஜா. ஏதேன் பாம்பு சாத்தான். ஆகவே நாகராஜ் என்றால் சாத்தான்களுக்கு ராஜா.

"பைபிள்ல கடைசி ஆகமத்துல பேர் போட்டே எழுதியிருக்கு, சாத்தான்தான்னு," என்றார்.

வினோத்ராஜ் முதல் ஆகமத்தை விரித்து விரலால் தட்டினான். "இங்கன அப்படி இல்லயே சார். காட்டு மிருகத்துல ஒண்ணுன்னுதான இருக்கு? சாத்தானா இருந்தா வயித்தால ஊந்து போன்னு எதுக்குச் சாபம்? சாத்தானுக்கு ஏது வயிறு?"

"ஏலே, மிருகம்னா பேசுமாக்கும்?"

"அத விடுங்க. சாபத்துக்குப் பெறகுதான ஊந்துச்சு. அப்ப மொதல்ல கால் இருந்திருக்கணும்ல?"

"எத்தன கால்? ரெண்டா, நாலா?"

வேதத்தில் எண்ணிக்கை இல்லை. கணக்கு வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை.

போதகர் சமாதானத்துக்கு வந்தார். பாம்பு பாம்புதான், சாத்தான் அதற்குள் சும்மா குடியிருந்தான் என்றார்.

"அவனுக்கு வாடகைக்கு விட்டதும் தப்புதானே?" என்றார் ஞானதுரை.

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள்.

மேசை நடுவே ஒரு தட்டில் பன்னீர் திராட்சை. ஷெரின் கழுவி வைத்தது. சாத்தான் கட்சியும் மிருகக் கட்சியும் அந்தத் தட்டில் மட்டும் ஒற்றுமையாகக் கை வைத்தன. கொட்டைகளை ஒரு பழைய நற்செய்திக் கூட்ட நோட்டீசில் துப்பிக்கொண்டார்கள்.

ஷெரினுக்குப் பாம்புப் பெயர் புதிதில்லை. நாகம்மாள், நாகஜோதி, நாகேந்திரன் என்று தினமும் கூப்பிடுகிறாள். ஸ்கேனில் எல்லோருக்கும் கல்லோ கட்டியோ குழந்தையோதான் தெரிந்தது. விஷப்பல் ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

ஒருநாள் "நாகராஜ்" என்று கூப்பிட்டதும் மூன்று பேர் எழுந்தார்கள். அதில் ஒருவன் மற்ற இருவரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான்.

அவன்தான் இவன்.

கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அந்த ஏதேன் கதையிலும் அப்படித்தானே என்று ஷெரினுக்குத் தோன்றியது. தோட்டம், மரம், கட்டளை எல்லாவற்றையும் கடவுள் ஆணிடமே பேசி முடித்துவிட்டார். பெண்ணைத் தேடி வந்து, தோட்டத்துப் பழத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது பாம்பு மட்டும்தான்.

"பேர மாத்தட்டும். நத்தானியேல்னு வைப்போம்," என்று ஞானதுரை மேசையைத் தட்டினார். "இல்லேன்னா இந்தச் சபையில ஓலை கிடையாது."

ஷெரின் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். நாகராஜ் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முடிவு தெரியும்வரை உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. அவன் மாற்ற மாட்டான். மாற்றிக்கொள் என்று சொல்ல அவளுக்கும் தெம்பில்லை. சபையா, அவனா என்று இனி இவள்தான் முடிவு செய்ய வேண்டும். நாளைக்குக் காலை டியூட்டி வேறு.

ஞானதுரை தட்டில் கிடந்த கடைசிப் பழத்தை எடுத்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. அன்று மாலை முதன்முறையாக ஷெரின் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, இது எந்தத் தோட்டத்துப் பழம்?"

ஷெரினுக்குத் தூக்கம் கலைந்தது.

"அவுக தோட்டத்துதான் பெரியப்பா. வரும்போது பொட்டியோட குடுத்தாக."

ஞானதுரையின் தாடை அப்படியே நின்றது. நோட்டீசில் துப்ப இடமில்லை. வினோத்ராஜ் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஆடையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்போல, ஞானதுரை தோளில் கிடந்த துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். பிறகு கொட்டையோடு விழுங்கினார்.

போதகர் கண்ணைத் திறந்தார்.

"சாப்பிட்டாச்சு. இனி என்ன? வர்ற ஞாயித்துக்கெழம நாகராஜ்னே ஓலைய வாசிச்சிருவோம்."

யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஷெரின் எழுந்து தட்டை எடுத்தாள். போகிற போக்கில், ஒரு சந்தேகத்துக்காக, குனிந்து மேசைக்கடியில் பெரியப்பா இருந்த பக்கம் பார்த்தாள்.

இரண்டு கால்.