தண்டவாளத் துண்டு

அடுத்தடுத்த வீட்டுச் செங்கமலமும் ரெபேக்காவும் சேர்ந்துதான் ஆசைக்கு இரும்படிக்கத் தொடங்கினார்கள். இருவருக்கும் பழைய பிரேக் டிரம்தான் உலை, ஹேர் டிரையர்தான் துருத்தி. ஆனால் வைத்து அடிக்க, காயலான் கடையில் தண்டவாளத் துண்டு ரெபேக்காவுக்கு மட்டுமே கிடைத்தது. தட்டினால் மணியாக ஒலிக்கும். கேட்கக் கேட்கச் செங்கமலத்துக்கு, என்ன செய்ய, வயிறு எரிந்தது. ஒருநாள் ஸ்பீக்கர் காந்தமொன்றை யாருமறியாமல் அதன் அடியில் ஒட்டினாள். ஓசை செத்துப்போனது.

"உள்ளே விரிசல்டி. தூக்கிப் போடு."

"நீங்க சொன்னா சரிதான்க்கா. நீங்களே போட்டுருங்க." மூச்சிரைக்கச் சுமந்துவந்து கொடுத்துப் போனாள் ரெபேக்கா.

கொல்லையில் காந்தத்தைப் பிடுங்கிவிட்டு, ஆசை தாங்காமல் ஒரு தட்டு தட்டினாள் செங்கமலம். கணீரென்றது. மதிலுக்கு மேல் ரெபேக்காவின் முகம் மலர்ந்து எழுந்தது.

"அக்கா! உங்க கைக்குத்தான் பேசுது. இன்னொரு தட்டு தட்டுங்களேன்!"

செங்கமலம் அவசரமாகக் காந்தத்தை மறைக்கப் போனாள். அது தாவிச் சுத்தியலில் ஒட்டிக்கொண்டது.