வக்காரின் குரல்

பள்ளிகொண்டா அருகே பைக் சறுக்கி வக்கார் அகமதுவின் தாடை உடைந்தது. டாக்டர் மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார். கஞ்சியை உறிஞ்சலாம், பேச முடியாது.

மறுவாரம், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அவன் மனைவி வஜீதாவுக்கு மதியம் போன் வந்தது.

"வஜீதா, சாப்ட்டியா?"

அவன் குரலேதான். சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினாள். வாயில் கம்பி அப்படியே இருந்தது. தான் பேசவில்லை என்று அவன் கையை ஆட்டினான். ஆனாலும் தினமும் மதியம் போன் வந்தது. பயந்துகொண்டே எடுத்தவள், பிறகு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

கம்பியைப் பிரித்த பிறகும் அவன் உதடு மரத்தே கிடந்தது, பேச்சு குழறியது. நரம்பு சரியாக நாளாகும் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"யாரு?" என்று குழறலாகக் கேட்டான் வக்கார்.

போனில் அந்தத் தெளிவான குரல் கேட்டது.

"வஜீதா, நம்ம வீட்ல யாரு அது?"