கப்கேக்கின் நடுத்துண்டு

ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்ட கப்கேக் வெந்து ஆறியதும், ஜாம் வைக்க இடம் வேண்டுமென்று அதன் நடுவைத் தோண்டி எடுத்தாள் மெர்சிலின். தோண்டிய துண்டு தட்டின் ஓரத்தில் கிடந்து, தான் இருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கவலைப்படாதே, ஜாம் வச்சதும் உன்னைத்தான் மூடியா வைப்பாங்க" என்றது கரண்டி.

அப்படியே அழைப்பும் வந்தது. ஆனால் குழி நிறைய அன்னாசி ஜாம்.

"கொஞ்சம் தள்ளிக்கோயேன், இது என் இடம்" என்று கெஞ்சியது துண்டு. சொகுசாக உட்கார்ந்துவிட்ட ஜாம் அசையுமா? மெர்சிலின் துண்டின் அடிப்பாகத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த மேல்பாகத்தை மட்டும் ஜாமின் மேல் அழுத்தி, பட்டர்கிரீம் பூசி மூடினாள்.

கிரீமுக்கு அடியிலிருந்து துண்டு மெல்லச் சொன்னது: "வந்துட்டேன்."

"யாரு?" என்றது கப்கேக்.