விட்டுப்போன வரி

அவளுடைய இருபத்திரண்டாவது சரித்திரக் காதல் நாவல். வழக்கம்போல் அவள் சொல்லச் சொல்ல, கணவர் தட்டச்சு செய்தார். அவள் எங்கே சறுக்கினாலும் யோசிக்காமல் திருத்திவிடுவார். இருபது வருடப் பழக்கம்.

"இளவரசனோட கடிதம், அடிங்க. 'உன் காலடி ஓசை கேட்டாலே கற்ற சொல்லெல்லாம் மறந்துபோகிறது. நாளையும் வா.'"

"நடுவுல ஒரு வரி விட்டுட்டே. 'பகலெல்லாம் உன்னைத் தெரியாதவன்போல் நடிக்கிறேன்.'"

"அதை நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

அவர் விரல்கள் அப்படியே நின்றன.

அவள் நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தாள். தட்டச்சு செய்த கடிதம். கீழே பெயர் இல்லை. அவள் தாண்டிப்போன வரி அதில் இருந்தது.

"இது என் தங்கச்சி அலமாரியில கெடைச்சதுங்க," என்றாள். "எந்தப் படுபாவி எழுதினானோன்னு திட்டிக்கிட்டேதான் கதையில சேர்த்தேன்."