ஆமைக்குக் கொடுக்கலாமா

"சரி" என்றார்.

சொல்ல வந்தது அதுவல்ல.

சுகிர்தம் கையில் நித்தியகல்யாணிக் கொத்தோடு நின்றிருந்தாள். காலடியில் ஆமை கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

"நல்லா தளதளன்னு இருக்கு பாருங்க. ஆமைக்குக் குடுக்கட்டுமா?"

"சரி."

அவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலது கையும் காலும் போயின. பேச்சில் இந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான் வந்தது. வலித்தாலும் அதுதான்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சுகிர்தம் எதையும் கணவரிடம் கேட்டுத்தான் செய்தாள். ஒவ்வொரு முறையும் பதில் வந்துவிடுவதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

ஒரு மழைக்காலத்தில் பின்வேலிக்கடியில் நுழைந்து வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட ஆமை அது. இரை வைப்பது அவர் வேலையாக இருந்தது. கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவர். செம்பருத்தி ஆகும். முருங்கைக்கீரை ஆகும். அரளியைத் தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை. நித்தியகல்யாணி மனைவிக்குப் பிடிக்கும் என்று, தொட்டியில் நட்டு மதில்மேல் வைத்தார்.

ஏன் அவ்வளவு உயரத்தில் என்று அவளிடம் சொன்னதில்லை.

நேற்றுக் காற்றில் தொட்டி விழுந்து உடைந்தது.

வேண்டாம் என்று தலையை அசைக்கப் பார்த்தார். தலை மேலும் கீழுமாகத்தான் அசைந்தது.

அவள் குனிந்தாள்.

இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். மறுபடி தட்டினார்.

"நீங்களே குடுக்கியளா?" அவள் முகம் மலர்ந்தது. "இந்தாங்க."

கொத்தை அந்தக் கையில் வைத்தாள்.

கீழே போட்டால் ஆமை தின்னும். மடியில் வைத்தால் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

வாயில் திணித்துக்கொண்டார்.

கசந்தது.

"ஐயோ, என்ன பண்ணுதிய! துப்புங்க! வெஷமா இருந்தா…"

அத்தோடு நின்றுவிட்டாள். அவள் விரல் அவர் வாய்க்குள் இருந்தது.

ஆமையைப் பார்த்தாள். அவர் கண்களைப் பார்த்தாள்.

பிறகு கடைசி இலைவரை வழித்தெடுத்தாள். தண்ணீர் கொண்டுவந்து திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தாள். தரையில் உதிர்ந்திருந்த இதழ்களை ஒன்று விடாமல் பொறுக்கி மதிலுக்கு அப்பால் எறிந்தாள்.

திரும்பும்போது ஒரு செம்பருத்திப் பூவைப் பறித்துக்கொண்டு வந்தாள்.

"இது?"

"சரி."

பூவோடு அப்படியே நின்றாள். ஆமை அவள் பாதத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை.

மெல்ல நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"போன வாரம் ஒங்ககிட்ட கேட்டேன்லா. வீட்ட வித்துட்டு மவன்கூட பெங்களூருக்குப் போயிருவமான்னு."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னுதான சொன்னிய. நானும் வாங்க வந்தவங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

அவர் உதடுகள் திறந்தன.

சுகிர்தம் எட்டி, அந்த வாயைக் கையால் பொத்தினாள்.