ஐந்து கை மாறிய வண்டி

“புதுசு மூணு லட்சம். நீங்க முப்பதாயிரம்தானா சொல்றீங்க?”

மலைச் சரிவுகளில் இறங்குவதற்கென்றே செய்த அந்த சைக்கிளைத் தடவியபடி கேட்டான், மனைவி ராதிகாவுடன் பெங்களூரிலிருந்து வந்திருந்த கிஷோர்.

“இன்னா சார் பண்றது, அஞ்சு பேர் கை மாறின வண்டி. அதான் விலை இறங்கிப்போச்சு” என்றாள் கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் பழைய சைக்கிள் விற்கும் தாரா.

“ஓட்டிப் பார்க்கலாமா?”

“ரோட்டுல ஓட்டுங்க. கடைக்குப் பின்னாடி சரிவுல, மூடிப்போன மைன்ஸோட பழைய ஷாஃப்ட் குழி பக்கம் மட்டும் இறங்காதீங்க.”

“சரிவுல இறங்காம இந்த வண்டியை எப்படிப் பார்க்கிறது?” என்று சிரித்தான்.

“கேக்க மாட்டீங்க. அப்போ வாட்ச்சைக் கொடுத்துட்டுப் போங்க. மைன்ஸ்ல எங்கப்பா டோக்கன் கொடுத்துட்டுத்தான் இறங்குவாரு. அந்தப் பழக்கம்.”

வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கினான்.

வெகுநேரம் ஆளைக் காணவில்லை. ராதிகாவுக்குச் சங்கடமாக இருந்தது.

“பயப்படாதீங்கக்கா. வண்டியோட ஓடிட மாட்டாரு” என்றாள் தாராவிடம்.

தாரா சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே செயின் சத்தம் கேட்டது.

“இதோ, வந்துட்டாரு!” ராதிகா எழுந்தாள்.

செங்குத்தான அந்த ஏற்றத்தில் சைக்கிள் நிதானமாக ஏறி வந்தது. பெடல்கள் சுற்றின. சீட்டில் யாரும் இல்லை. கடை வாசலுக்கு வந்து, தன் பழைய இடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது.

தாரா வாட்ச்சை ராதிகாவின் கையில் வைத்தாள்.

“இதை வண்டிக்காக வாங்கலம்மா. வண்டி எப்பவும் வந்துடும். வீட்டுக்காரங்க கையில கொடுக்க ஏதாச்சும் வேணுமில்ல?”