உதைக்காத துப்பாக்கி

"சுட்டா இது தோளை ரொம்ப உதைக்கும் கர்ட். உதைக்காததா ஒண்ணு எடு" என்றார் ஹார்லன்.

கடைக்காரர் கர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குதிரை மாதிரி உதைக்கிற துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர் ஹார்லன்.

"என்னய்யா, கிழவனாயிட்டியா?"

"தோள் வலி. தோள்ல வைக்கிற கட்டையும் குட்டையா இருக்கட்டும். கழுத்தை நீட்டிப் படுத்துச் சுட முடியலை."

இடது கையில் காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற அவர் மனைவி லவோன் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். தோள் வலியாம், கழுத்து வலியாம்! கண் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

போன பனிக்காலத்திலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். இடது கண் முற்றாகப் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். அன்றோடு ஹார்லன் மாடுகளைப் பார்க்கப் போவதை நிறுத்தினார். சாப்பாடும் பேருக்குத்தான். சமையலறை சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். பிள்ளை குட்டி கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அக்கம்பக்கமும் கிடையாது. இந்த மனுஷன் இப்படியே காய்ந்து கருகிப் போய்விடுவாரோ என்று லவோன் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

அப்படி இருந்தவர்தான் போன வாரம் திடீரென்று, "புல்வெளி நாய் சுடப் போகணும். புதுத் துப்பாக்கி வேணும்" என்று எழுந்து நின்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! ஆனாலும் எழுந்துவிட்டாரே, அது போதாதா? லவோன் அப்போதே வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

நாய் என்று பேர்தான்; அணில் ஜாதி. மேய்ச்சல் நிலம் முழுக்க வளை தோண்டி, மாட்டுக்கான புல்லை வேரோடு தின்னும். ஆளைக் கண்டால் வளை வாசலில் எழுந்து நின்று குரைத்துத் தள்ளும்.

கர்ட் சின்னத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, மேலே தொலைநோக்கியைப் பொருத்தினார். ஹார்லன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு லவோனிடம் நீட்டினார்.

"எதிர்க்கடை போர்டு தெரியுதா பாரு."

"நீ பாரேன்."

"எனக்கு எல்லாம் தெரியுது. உனக்குத் தெரியுதான்னுதான் கேட்டேன்."

"எழுத்தெல்லாம் தெரியுது."

"அப்ப இதுவே போதும். ஆனா கர்ட், தோட்டா போடற கைப்பிடி இடது பக்கம் இருக்கிறதா கொடு."

"இடது பக்கமா? நீ வலதுகைக்காரனாச்சேய்யா!"

"வலது கண்ணு கொஞ்சம் புகையா இருக்கு. இனிமே இடது கண்ணாலதான் சுடப்போறேன்."

அந்த இடது கண்ணுக்கு இரவேது பகலேது? கண்ணோடு புத்தியும் போய்விட்டதா, கடவுளே!

ஹார்லன் சுவரைத் தடவித் தடவி வண்டிக்குப் போனதும் கர்ட் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நிலத்துல ஏதும்மா புல்வெளி நாய்? பனி உருகின கையோட கொள்ளைநோய் வந்து மொத்தமும் செத்துப்போச்சே?"

"அவருக்குத் தெரியாது. சொல்லித் தொலைச்சிடாதீங்க. அந்த ஒரு ஆசையிலதான் எழுந்து நடக்கறாரு. மண்ணைச் சுடட்டும். விழுந்துச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

கர்ட் இடது பக்கக் கைப்பிடி வைத்த துப்பாக்கியைப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை மேய்ச்சல் நிலத்தில் ஹார்லன் பாயை விரித்துப் படுத்தார். சுட்ட அதிர்வில் சுடுகிறவருக்குக் குண்டு எங்கே பட்டது என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர் பெரிய தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது லவோன் வேலை. முக்காலியில் தொலைநோக்கியை வைத்து அவள் பார்த்தாள். வளை வாசல்களில் புல் மண்டிக் கிடந்தது. காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

துப்பாக்கி வெடித்தது. எதிர் மேட்டில் புழுதி பறந்தது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ஹார்லன்! ஒரே குண்டுல!"

இடது பக்கக் கைப்பிடியோடு மல்லுக்கட்டி இன்னொரு தோட்டா போட்டு மறுபடி சுட்டார்.

"அதுவும் விழுந்துச்சு!" என்று கத்தினாள் லவோன். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. நல்லவேளை, அது அவருக்குத் தெரியாது.

ஹார்லன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"போதும் லவோன். சன்னல் பக்கம் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்! ஒரு குரைப்பு கேட்கலை. எல்லாம் செத்துப் பல மாசம் இருக்கும். கண்ணுதான் போச்சு, காது போகலை."

அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சேதான் சுட்டியா? அப்புறம் எதுக்குய்யா இந்தத் துப்பாக்கி? தோள் வலி, இடது கண்ணு... எதுக்கு என்னை இப்படிக் கொல்றே?"

"வர்ற பனிக்காலத்துக்குள்ள உன் முகம்கூட எனக்குத் தெரியாமப் போயிடும். கன்னு போடற நேரத்துல நரி வரும். யார் சுடறது?" ஹார்லனின் குரல் உடைந்தது. "உண்மையைச் சொல்லியிருந்தா நீ கடை வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டே."

அவர் எழுந்து நகர்ந்து, காலியான பாயைத் தட்டிக் காட்டினார்.

"வந்து படு லவோன். நம்ம வீட்டுல இடதுகைக்காரி நீ ஒருத்திதானே."